முப்பது நாள் கழித்துக் கொட்டிவிடவும்

காட்பாடி மேம்பாலத்துக்குக் கீழே
பிளைவுட் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில்
எங்கள் மண் பரிசோதனைக் கூடம்.
பாலம் கட்டுகிறவர்கள், காற்றாலை நடுகிறவர்கள்,
வீட்டுச் சுவர் விரிந்து பயந்துபோனவர்கள்
மண்ணைப் பையில் கட்டி லாரி சர்வீசில் அனுப்புவார்கள்.
பதினோரு வருஷமாக
முடிச்சவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோவில்பட்டி வந்தால் கை கழுவ அரை மணி.
கரிசல் நகக்கண்ணில் உட்கார்ந்து
மத்தியானச் சோற்றோடு கூட வரும்.
நனைத்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும்,
நம்ம மேலாளர் சகாயராணி போல என்பாள் நஸ்ரீன்.

மண்ணை நூலாகத் திரிப்பது ஒரு சோதனை.
உள்ளங்கைக்கடியில் உருட்ட வேண்டும்,
மூன்று மில்லிமீட்டரில் அறுகிறதா என்று.
தஞ்சாவூர் அறுகவே அறுகாது,
பேசிக்கொண்டே போகும்.
திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியோ
நூலாக மாட்டேன் என்று
குங்குமம் கொட்டினாற்போல் மேசையெல்லாம் சிதறும்.

கோத்தகிரிப் பையைத் திறக்கும்போதே கை சில்லிடும்.
நூற்றுப் பத்து டிகிரி அடுப்பில் ஓர் இரவு.
காலையில் எடை போட்டால்
மூன்றில் ஒரு பங்கைக் காணோம்.
வெளியே சித்திரை வெயில் தாரை உருக்குகிறது.
ஒரு மலையின் மேகத்தை
வேலூருக்குள் விட்டுவிட்டேன்,
ஒருவருக்கும் வியர்வை குறையவில்லை.

பிச்சாவரம் வந்த அன்று
பல் டாக்டரின் கம்பவுண்டர் சண்டைக்கு வந்தார்.
முட்டை அழுகின நாற்றமாம், பேஷண்ட் எழுந்து போய்விட்டாராம்.
அலையாத்தி வேர் மூச்சுவிடும் சேறு சார் என்றேன்.
அங்கேயே விடச் சொல்லும்மா என்றார்.

மணவாளக்குறிச்சிக் கருமணல் பை கையளவுதான்,
தூக்கினால் தோள் இறங்கும்.
வேதாரண்யத்தைக் கரைத்து மீட்டரை முக்கினால்
முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டி நிற்கும்.

நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்கள் கையில்
சல்லடை இருந்திருக்காது.
என்னிடம் ஏழு இருக்கிறது.
எல்லாம் சலித்தபின் அடித்தட்டில் தங்கும் தூசுக்கு
இன்னும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை.
சென்னைக்கு நாலு தடவை போயிருக்கிறேன்,
நாலும் தம்பியின் நிலத் தகராறு, ஹைகோர்ட்டு.
கடல் அதோ அந்தப் பக்கம்தான்
என்று வக்கீல் பேனாவால் காட்டினார்.
வாய்தா வாங்கும்போது மணி நாலரை.
பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.

போன வருஷம் வயலூரிலிருந்து ஒரு பை,
பாலாறு கடலில் விழுகிற இடம்.
லென்சுக்கடியில் பரப்பினேன்:
முனை மழுங்கிய பளிங்கு,
நடுவே இளஞ்சிவப்பாய் ஒரு பரல்.
அட, உன்னைத் தெரியுமே.
விருதம்பட்டுப் பாலத்தடியில்
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது செருப்புக்குள் ஏறுவாயே.
ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடிய அந்த நவம்பரில்
கடை, கட்டில், கோழிக்கூண்டு எல்லாம் போக
டிக்கெட் எடுக்காமல்
நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாயா?
அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை.
‘நடுத்தர மணல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பது நாள் வைத்திருந்து கொட்டிவிடவும்
என்பது விதி.
பின்பக்கம் ஒரு குழி,
முனிரத்தினம் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கவிழ்ப்பார்.
கரிசல்மேல் தனுஷ்கோடி, அதன்மேல் ஓசூர்ச் செம்மண்,
அதன்மேல் வயலூர், நம்ம பொன்னையாற்று வண்டல்.
எல்லைக்கல் இல்லை, வாய்தாவும் இல்லை.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
குழியிலிருந்து ஏதோ கொடி கிளம்பியது.
ஆட்டுக் குளம்பை அச்செடுத்தாற்போல இலை.
யாரும் கவனிக்கவில்லை.
தை பிறந்ததும் ஊதாவில் ஒரு பூ,
புனல் மாதிரி, எங்கள் புனலைவிடச் சுத்தமாக.
நஸ்ரீன் போனில் படம் பிடித்துத் தேடினாள்.
அடும்பாம். கடற்கரையில்தான் வருமாம்.
மணலைப் போகவிடாமல் பிடித்துவைக்குமாம்.

வெர்னியரால் அளந்து பார்த்தேன்,
ஒரு நாளைக்கு நாலு விரல்,
பல் டாக்டர் சுவரைப் பார்த்து, அதாவது கிழக்கே.

நேற்று முனிரத்தினம் மண்வெட்டியோடு வந்தார்.
புது லோடு கொட்டணும், இதைச் செத்திவிடட்டுமா என்றார்.
இன்னும் முப்பது நாள் ஆகலண்ணே என்றேன்.

எந்தப் பைக்கு என்று
அவர் கேட்கவில்லை.